குளிர்வதால் ஒளிர்கிறதா, வேறெதுவோ ஒளியூட்டுகிறதா? லைமன்-ஆல்பா திட்டுகள் பற்றிய இழை

இரவுவானம் (பதிவு 1)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி வானியல் மன்றத்தின் சுவரிதழுக்காக நான் எழுதிய ஒரு பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: "கும்ப விண்மீன் குழுவின் திசையில், 1150 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் இன்று நமக்குத் தெரியும் எல்.ஏ.பி.-1 (லைமன்-ஆல்பா ப்ளாப்-1) என்ற ஹைட்ரஜன் வாயுக் குமிழ், ஏறத்தாழ 3 லட்சம் ஒளியாண்டு அகலம் கொண்டது; ஈர்ப்பினால் உள்ளே விழும் வாயு குளிர்வதால் அது ஒளிர்கிறது."

சுவரில் ஒட்டிய அன்றே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "குளிர்கிற பொருள் எப்படி ஐயா ஒளிரும்?" என்று கேட்டாள். பழுக்கக் காய்ச்சிய இரும்பும் ஆறிக்கொண்டேதானே ஒளிர்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. வாக்கியம் சரியா, பதில் சரியா, இரண்டும் தவறா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நிறமாலை (பதிவு 2)

ஐயா, மாணவியின் கேள்வி உங்கள் வாக்கியத்தைவிடக் கூர்மையானது. முதலில் இரும்பை ஒதுக்கி வைத்துவிடலாம். இரும்பு எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாக ஒளி தருகிறது. இந்த வாயுவோ ஏறக்குறைய ஒரே ஒரு அலைநீளத்தில்தான் கொட்டுகிறது. ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் இரண்டாம் மட்டத்திலிருந்து முதல் மட்டத்துக்கு இறங்கும்போது வெளிப்படும் 121.6 நானோமீட்டர் புற ஊதா ஒளிதான் அது. 1906-இல் ஹார்வர்டில் தியோடர் லைமன் இந்த வரிசையின் கோடுகளைக் கண்டறிந்ததால் லைமன்-ஆல்பா என்று பெயர் பெற்றது.

எலெக்ட்ரானை இரண்டாம் மட்டத்துக்கு யார் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு வழி மோதல். உள்ளே விழும் வாயு ஈர்ப்பினால் வேகம் பெற்று, சுமார் 10,000 கெல்வின் வெப்பநிலையை அடைகிறது, அதில் திரியும் எலெக்ட்ரான் ஒன்று ஒரு ஹைட்ரஜன் அணுவை இடித்து அதன் எலெக்ட்ரானை மேலே ஏற்றுகிறது, 1.6 நானோ நொடியில் அது கீழே விழுந்து ஒரு ஃபோட்டானை வெளிவிடுகிறது. மோதிய துகளின் இயக்க ஆற்றல் ஒளியாகிப் போய்விட்டது. ஆகவே வாயு குளிர்வதால் ஒளிர்வதில்லை, ஒளிர்வதால்தான் குளிர்கிறது. உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்வாள்.

இன்னொரு வழி, அருகிலுள்ள இளம் விண்மீன்களோ, கருந்துளையைச் சுற்றியுள்ள வெப்பத் தட்டோ தரும் கடும் புற ஊதா ஒளி. 13.6 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஃபோட்டான் பட்டால் ஹைட்ரஜன் அணு உடைந்து அயனியாகும். பின்னர் புரோட்டானும் எலெக்ட்ரானும் மீண்டும் சேரும்போது, மூன்றில் இரண்டு தடவையாவது, எலெக்ட்ரான் படிப்படியாக இறங்கி வந்து கடைசிப் படியில் லைமன்-ஆல்பாவைத் தருகிறது. மூன்றாவதாகப் புதிய ஒளி எதுவும் பிறக்காத வழி ஒன்றும் உண்டு. நடுவிலுள்ள கேலக்ஸியிலேயே பிறந்த லைமன்-ஆல்பா வெளியே வரும்போது சுற்றியுள்ள நடுநிலை ஹைட்ரஜன் அதை விழுங்கி விழுங்கி உமிழ்வதால் ஒளி பரவித் தெரியும்.

உங்கள் வாக்கியம் முதல் வழியை மட்டும் முடிந்த முடிவாகச் சொல்கிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

சொல்லாய்வு (பதிவு 3)

இழையின் போக்கைக் குலைக்க விரும்பவில்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும். "குமிழ்" என்றால் உள்ளே வெற்றிடமாக இருக்கும், வெளியே மெல்லிய சவ்வு இருக்கும். நீர்க்குமிழும் சோப்புக் குமிழும் அப்படித்தான். இந்த வாயுத் தொகுதி அவ்வாறு இல்லை எனில் சொல் தவறான படத்தைத் தருகிறது. "திரள்" என்றும் சொல்ல முடியாது. பாடநூல்கள் கேலக்ஸியையே விண்மீன் திரள் என்கின்றன. "திட்டு" என்பது பொருந்துமா? மணல் திட்டு, மேகத் திட்டு என்று ஒழுங்கற்ற வடிவுடைய, ஓரம் தெளிவாக இல்லாத பரப்புக்குத் தமிழில் வழங்கும் சொல் அது.

நிறமாலை (பதிவு 4)

திட்டு மிகப் பொருத்தம். "ஓரம் தெளிவாக இல்லாத" என்று நீங்கள் சொன்னதற்குப் பின்னால் திரும்ப வருவேன். இந்தத் துறையில் கடந்த பதினைந்து ஆண்டுகளின் கதையே அதுதான்.

ஒற்றைக்குழல் (பதிவு 5)

நான் மாடியில் சிறு தொலைநோக்கி வைத்து நெபுலாக்களைப் படமெடுப்பவன். ஒளிமாசு மிகுந்த நகரத்தில், ஒரு குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடும் ஃபில்டர் இல்லாமல் எதுவும் நடக்காது. ஹைட்ரஜன்-ஆல்பாவுக்கு 656.3 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்றும், ஆக்சிஜனுக்கு 500.7 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்றும் என்னிடம் உண்டு. இந்தத் திட்டுகளையும் இதே முறையில்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். 121.6 என்பது புற ஊதா ஆயிற்றே, காற்றுமண்டலம் விடாதே, எப்படி?

நிறமாலை (பதிவு 6)

உங்கள் கையிலிருக்கும் ஃபில்டரே கதையைச் சொல்லும். எல்.ஏ.பி.-1 இருக்கும் பகுதியின் செம்பெயர்ச்சி 3.09. பிரபஞ்சம் விரிவதால் அங்கிருந்து கிளம்பிய அலை 4.09 மடங்கு நீண்டு வருகிறது. 121.6-ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 497 நானோமீட்டர், அதாவது நீலமும் பச்சையும் கலந்த கண்ணுக்குத் தெரியும் நிறம். உங்கள் ஆக்சிஜன் ஃபில்டருக்கு மிக அருகில் இருக்கிறது. கணக்கைச் சற்றே மாற்றி, செம்பெயர்ச்சி 3.12 என்று வைத்தால், லைமன்-ஆல்பா உங்கள் ஃபில்டரின் நடுவிலேயே வந்து விழும்.

இது வெறும் தற்செயல் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. கன்னி கேலக்ஸிக் கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே அநாதையாகத் திரியும் கோள் நெபுலாக்களை (மடியும் விண்மீன்கள் உதறிய, ஆக்சிஜன் ஒளி வீசும் வாயு ஓடுகளை) ஆக்சிஜன் ஃபில்டர் கொண்டு தேடியவர்கள், சில புள்ளிகளைப் பிடித்து, பின்னர் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது அவை செம்பெயர்ச்சி 3.1-இல் உள்ள லைமன்-ஆல்பா கேலக்ஸிகள் என்று கண்டு திகைத்தார்கள். ஐந்தாறு கோடி ஒளியாண்டு தொலைவில் தேடிய பொருளின் இடத்தில் ஆயிரம் கோடிக்கு அப்பாலுள்ளது வந்து உட்கார்ந்திருந்தது.

காற்றுமண்டலத்தைப் பொறுத்தவரை, செம்பெயர்ச்சி ஏறக்குறைய 2-ஐத் தாண்டினால்தான் இந்த ஒளி ஓசோனைத் தப்பித் தரைக்கு வரும். அருகிலுள்ள திட்டுகளைத் தரையிலிருந்து தேட முடியாமல் தொலைவிலுள்ளவற்றை மட்டும் தேட முடிகிறது என்பது இத்துறையின் விசித்திரம்.

கண்டுபிடிப்பு 2000-இல் வெளியானது. சார்ல்ஸ் ஸ்டைடலும் அவருடன் பணியாற்றியவர்களும் எஸ்.எஸ்.ஏ.22 என்ற பகுதியில் கேலக்ஸிகள் நெருக்கமாகக் குவிந்திருப்பதை ஏற்கெனவே கண்டிருந்தார்கள். பாலோமர் மலையின் 200 அங்குல ஹேல் தொலைநோக்கியில் அந்தச் செம்பெயர்ச்சிக்கு ஏற்ற குறுகிய ஃபில்டரை மாட்டிப் படமெடுத்தார்கள். சாதாரண ஃபில்டரில் எடுத்த படத்தைக் கழித்தபோது, விண்மீன்களும் பெரும்பாலான கேலக்ஸிகளும் மறைந்துபோய், இரண்டு பெரிய மங்கலான கறைகள் எஞ்சி நின்றன. அவையே எல்.ஏ.பி.-1, எல்.ஏ.பி.-2. பின்னர் ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி அதே பகுதியை அகலமாகத் துழாவி, 2004-இல் மொத்தம் 35 திட்டுகளைப் பட்டியலிட்டது.

ஒற்றைக்குழல் (பதிவு 7)

அப்படியானால் என் ஃபில்டரால் முயலலாம் என்கிறீர்களா?

நிறமாலை (பதிவு 8)

முயற்சிக்கு யார் தடை? ஆனால் இரண்டு கணக்குகளைப் பாருங்கள். எல்.ஏ.பி.-1 வானில் நிலாவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதைவிடக் கொடியது, பரப்பு வெளிச்சம் செம்பெயர்ச்சியோடு நான்கின் அடுக்காகக் குறைவது. 4.09-ஐ நான்கு தடவை பெருக்கினால் சுமார் 280. அருகில் இருந்தால் தெரியும் வெளிச்சத்தில் 280-இல் ஒரு பங்குதான் நமக்குக் கிட்டும். மொத்த ஒளியோ சூரியனைப் போல 2000 கோடி மடங்குக்கும் மேல். ஆனால் அது 3 லட்சம் ஒளியாண்டில் தடவி விடப்பட்டிருக்கிறது.

ஐயவாதி (பதிவு 9)

நிறமாலை அவர்கள் ஒரு தரப்பின் வழக்கறிஞராகப் பேசத் தொடங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். ஆகவே எதிர்த்தரப்பை நான் முன்கூட்டியே வைத்துவிடுகிறேன். இரவுவானம் ஐயாவின் வாக்கியம் காற்றில் பிறந்ததன்று. தொடக்கத்தில் பல திட்டுகளுக்குள் அவ்வளவு ஒளியைத் தரக்கூடிய மூலம் கண்ணில் படவில்லை. 2006-இல் தெற்கு வானின் கூட்ஸ் பகுதியில் செம்பெயர்ச்சி 3.16-இல் ஒரு திட்டு கிடைத்தது. எக்ஸ் கதிரிலிருந்து அகச்சிவப்பு வரை ஆழமான படங்கள் இருக்கும் பகுதி அது. எதிலும் பொருத்தமான விளக்கு தென்படவில்லை. எனவே குளிர்ந்த வாயு ஓடைகள் கரும்பொருளின் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் பொருளின்) ஈர்ப்புப் பள்ளத்துக்குள் விழும்போது வரும் ஒளியே இது என்றார்கள். கணினி உருவகங்களும் அக்காலத்தில் வாயு இப்படி ஓடைகளாகப் பாய்ந்தே கேலக்ஸிகளை ஊட்டுகிறது என்று காட்டின. இதற்கு என்ன பதில்?

நிறமாலை (பதிவு 10)

வழக்கறிஞர் பட்டத்துக்கு நன்றி. நீங்கள் குறிப்பிட்ட திட்டே என் முதல் சாட்சி. ஹப்பிளின் புதிய தரவுகளுடன் அதை 2015-இல் மறுபடி ஆராய்ந்தபோது, திட்டின் உச்சியிலிருந்து சற்று ஓரமாக, தூசுக்குள் மறைந்திருக்கும் ஒரு செயலுள்ள (அதாவது வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும்) கருந்துளைக் கேலக்ஸி அதே செம்பெயர்ச்சியில் இருப்பது தெரிந்தது. நம் பக்கம் தூசு மறைக்கிறது; திட்டின் பக்கம் திறந்திருக்கிறது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் ஒரு பக்கம் கரி படிந்திருந்தால் அந்தப் பக்கம் நிற்பவருக்கு விளக்கு தெரியாது; எதிர்ச்சுவரின் வெளிச்சம் மட்டும் தெரியும். குளிர்தல் கோட்பாட்டின் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட திட்டே இப்படிக் கைமாறிவிட்டது.

அதற்கு முன்பே, 2009-இல், எஸ்.எஸ்.ஏ.22 பகுதியைச் சந்திரா விண்கலம் சுமார் 4 லட்சம் நொடிகள் எக்ஸ் கதிரில் உற்றுப்பார்த்த தரவுகள் வெளியாகின. 29 திட்டுகளில் 5-இல் செயலுள்ள கருந்துளைகள் அகப்பட்டன. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே, திட்டுகளை இயக்குவது வெப்பமூட்டல், குளிர்தல் இல்லை என்று எழுதினார்கள்.

ஐயவாதி (பதிவு 11)

29-இல் 5 என்றால் ஆறில் ஒரு பங்குக்கு அருகில். எஞ்சிய 24-க்கு? கிடைத்த ஐந்தை வைத்துக் கிடைக்காத இருபத்து நான்குக்கும் தீர்ப்பெழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

நிறமாலை (பதிவு 12)

நியாயமான மறுப்பு. அங்கே கருந்துளைக்குப் பதில் தூசு மண்டிய விண்மீன் பிறப்பிடங்கள் இருக்கக்கூடும் என்பதே அவர்களின் வாதம். ஆனால் அது வாதம்தான். சான்று தேடினால் எல்.ஏ.பி.-1-க்கே திரும்ப வேண்டும்.

காலையில் சூரியன் கீழ்வானில் இருக்கும்போது, தளவிளைவுக் கண்ணாடி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு) ஒன்றின் வழியாக உச்சி வானத்தைப் பார்த்துக் கண்ணாடியை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்; நீலம் கருத்தும் வெளுத்தும் மாறும். சூரிய ஒளி காற்றில் பட்டு ஏறக்குறைய செங்கோணத்தில் சிதறி வருவதால் அதன் அதிர்வு ஒரு திசையில் ஒழுங்குபட்டிருக்கிறது. இதே சோதனையைத்தான் எல்.ஏ.பி.-1-க்குச் செய்தார்கள். வாயு தானே, இருந்த இடத்திலேயே ஒளிர்ந்தால் அதிர்வுகள் எல்லாத் திசையிலும் கலந்திருக்கும். நடுவிலிருந்து வந்த ஒளி விளிம்பில் சிதறினால், மையத்தில் தளவிளைவு இருக்காது. சுற்றிலும் ஒரு வளையமாக இருக்கும். சிலியில் உள்ள வி.எல்.டி. ("மிகப் பெரிய தொலைநோக்கி" என்பதே அதன் பெயர்) சுமார் 15 மணி நேரம் பார்த்தது. 2011-இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: மையத்தில் இல்லை, சுற்றி வளையமாக இருக்கிறது.

2016-இல் ஆல்மா வானொலித் தொலைநோக்கிகள் அந்த மையத்துக்குள் இரண்டு கேலக்ஸிகளைக் கண்டன. நம் பால்வீதியைப் போல நூறு மடங்குக்கு மேலான வேகத்தில் அவை விண்மீன்களைப் பெற்றுத் தள்ளுகின்றன. சுற்றிலும் சிறு கேலக்ஸிகள் மொய்க்கின்றன. விளக்கும் கிடைத்துவிட்டது.

ஐயவாதி (பதிவு 13)

வளையச் சான்றை நான் மதிக்கிறேன். ஆனால் அதே 2016-இல் வெளியான ஒரு கணினி உருவகம், குளிரும் வாயு தானே தரும் ஒளியிலும் ஏறக்குறைய இதே தளவிளைவு தோன்றும் என்று காட்டியதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். காரணமும் எளிது. விழும் வாயு மையத்துக்கு அருகில்தான் அடர்த்தி மிகுந்து அதிகமாக ஒளிர்கிறது. அந்த ஒளியும் வெளியே வரும் வழியில் சிதறத்தான் செய்யும். ஒளி நடுவிலிருந்து கிளம்பியது என்பதற்கு வளையம் சான்று. நடுவில் அதைக் கிளப்பியது விண்மீனா, கருந்துளையா, விழும் வாயுவா என்பதற்கு அது சான்றாகாது.

நிறமாலை (பதிவு 14)

விட்டுவிட்டேன் என்பது உண்மை, குறிப்பிட்டிருக்க வேண்டும். வளையத்தைத் தனியாக வைத்து என் தரப்பு வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மையத்தில் இரண்டு வலுவான கேலக்ஸிகள் கண்ணெதிரே இருக்கும்போது, அவற்றை விட்டுவிட்டு விழும் வாயுவுக்கே முழு ஒளியையும் எழுதிவைப்பது கடினம். சிறிய பங்கு அதற்கு உண்டு என்றால் நான் தடுக்கமாட்டேன்.

சொல்லாய்வு (பதிவு 15)

ஓரத்தைப் பற்றித் திரும்ப வருவதாகச் சொன்னீர்கள்.

நிறமாலை (பதிவு 16)

ஆம். 2011-இல் ஸ்டைடல் குழுவினர் 92 சாதாரணக் கேலக்ஸிகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் தனியே தெரியாத மங்கல் லைமன்-ஆல்பா ஒளிவட்டம், கூட்டியபோது விண்மீன் பகுதியைவிடப் பல மடங்கு அகலமாக எழுந்து வந்தது. போதிய நேரம் பார்த்தால் ஏறத்தாழ எல்லாமே திட்டுகள்தான் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2016-இல் மியூஸ் நிறமாலைமானி மிகப் பிரகாசமான 17 குவேசார்களை, அதாவது வாயுவை விழுங்கும் கருந்துளையால் கடுமையாக ஒளிரும் கேலக்ஸி மையங்களை, பார்த்தது. பதினேழையும் சுற்றி 3 லட்சம் ஒளியாண்டுக்கு மேற்பட்ட வாயு ஒளிர்ந்தது. 2014-இல் யு.எம்.287 என்ற குவேசாரைச் சுற்றிக் கெக் தொலைநோக்கி கண்ட நெபுலா ஏறக்குறைய 15 லட்சம் ஒளியாண்டு நீளம். 2019-இல் அதே எஸ்.எஸ்.ஏ.22 பகுதியில், கேலக்ஸிகளைக் கோத்துச் செல்லும் வாயு இழைகள் 30 லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீள்வதை மியூஸ் படமாக்கியது.

ஆகவே முதலில் நாம் கண்ட கறைகள் ஏரி வற்றும்போது முதலில் தலைகாட்டும் மேடுகள். நீர்மட்டம் இறங்க இறங்க மேடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே கிடக்கின்றன என்பது தெரிகிறது. "திட்டு" என்ற சொல் இந்த வகையிலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். செம்பெயர்ச்சி 6.6-இல், பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ 80 கோடி வயதானபோது இருந்த ஹிமிகோ என்ற திட்டு, 2009-இல் சுபாருவில் கண்டறியப்பட்டது. பழங்கால ஜப்பானிய அரசியின் பெயர். அகலம் 55,000 ஒளியாண்டு. 2013-இல் ஹப்பிளும் ஆல்மாவும் பார்த்தபோது ஒரே வரிசையில் மூன்று ஒளிப்பொட்டுகள் இணைந்துகொண்டிருப்பது தெரிந்தது. எதிர்பார்த்த கார்பன் உமிழ்வும் தூசும் ஆல்மாவில் தென்படவில்லை. எல்.ஏ.பி.-1-இன் விடையை அப்படியே ஹிமிகோவுக்கு ஒட்ட முடியாது.

ஐயவாதி (பதிவு 17)

இந்தக் கடைசிப் பத்தியோடு எனக்குச் சண்டை இல்லை.

இரவுவானம் (பதிவு 18)

அனைவருக்கும் நன்றி. வாக்கியத்தை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: "எல்.ஏ.பி.-1 என்ற ஹைட்ரஜன் வாயுத் திட்டின் நடுவே விரைவாக விண்மீன்களை உருவாக்கும் இரண்டு கேலக்ஸிகள் உள்ளன. அவற்றின் ஒளி சுற்றியுள்ள வாயுவில் பட்டுச் சிதறுவதால் திட்டு ஒளிர்கிறது. உள்ளே விழும் வாயுவுக்கும் இதில் பங்கு இல்லை."

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டும்போது அதே மாணவி பக்கத்தில் நின்று படித்துவிட்டு, "நடுவில் இருப்பது அணைந்துவிட்டால் ஓரம் எப்போது அணையும்?" என்று கேட்டாள். இம்முறை இரும்பை இழுக்காமல், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஐயவாதி (பதிவு 19)

"வாயுவுக்கும் இதில் பங்கு இல்லை" என்பதை "விழும் வாயுவின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை" என்று திருத்துங்கள் ஐயா. பதிவு 14-இல் எதிர்த்தரப்பே அவ்வளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. முதல் வாக்கியத்தில் செய்த பிழையையே மறுபக்கம் திரும்பிச் செய்திருக்கிறீர்கள்.

நிறமாலை (பதிவு 20)

திருத்தத்தை வழிமொழிகிறேன்.

மாணவிக்கான விடை: மையத்திலிருந்து ஓரம் ஒன்றரை லட்சம் ஒளியாண்டு. மைய விளக்கு இன்று அணைந்தால், கடைசியாகக் கிளம்பிய ஒளி ஓரத்தைத் தொட ஒன்றரை லட்சம் ஆண்டு ஆகும். வழியில் பல தடவை சிதறினால் இன்னும் தாமதிக்கும். அதுவரை இருண்ட நடுவைச் சுற்றி ஒளிரும் ஓரம் மட்டும் இருக்கும். இதற்கு நம் அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007-இல் ஹன்னி வான் ஆர்க்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, கேலக்ஸிகளை வகைப்படுத்தும் பொதுமக்கள் திட்டம் ஒன்றில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐ.சி.2497 என்ற கேலக்ஸிக்கு அருகில் பொருந்தாத ஓர் ஒளிர்முகிலைக் கண்டார். அந்த முகிலை ஒளிரவைக்கும் அளவுக்கு வலுவான குவேசார் அந்தக் கேலக்ஸியில் இப்போது இல்லை. குவேசார் மங்கிப்போன செய்தி முகிலை இன்னும் எட்டாத நிலையில் நாம் அதைப் பார்க்கிறோம். விளக்கில்லாத திட்டு ஒன்று கிடைத்தால் குளிர்தல் கோட்பாட்டுக்குப் போவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐயவாதி அவர்கள் பதிவு 9-இல் இதைக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஐயவாதி (பதிவு 21)

ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டுவிட்டாள்.

நெறியாளர் (பதிவு 22)

"குமிழ்" என்று தொடங்கிய இழையின் தலைப்பு, சொல்லாய்வு அவர்களின் பரிந்துரைப்படி "திட்டுகள்" என மாற்றப்பட்டுள்ளது. ஒற்றைக்குழல் அவர்களின் ஆக்சிஜன் ஃபில்டர் முயற்சி பற்றிய பதிவுகளைப் படப்பிடிப்புப் பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறேன், அங்கே தொடரவும்.